ஐம்பது நிமிடம் என்று எழுதியவன்

திங்கட்கிழமை மதியம்,
டெப்போ ஓய்வறை.

அன்பு மிகுந்த டீச்சரம்மாவுக்கு,

உன் டிரைவர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், பூனையும் நலம். அங்கே நீயும், உனக்குள் படுத்துக் காலை உதைக்கும் ஆளும், உன் பிரஷரும் நலமாக இருந்தால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் போனை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று உனக்குத் துணையாக இருக்கும் உன் அக்கா சொன்னபோது முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. கொஞ்ச நாள் நேரில் வந்து பார்க்கவும் வேண்டாம் என்றாராம். நான் பேசுவதற்கு முன்னால் நூற்று முப்பதாம், பேசி முடித்த பிறகு நூற்று ஐம்பதாம். பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன், என்னால் ஒரு பயணிக்குக்கூட இப்படி ஆனதில்லை. சரி, வாயால் பேசினால்தானே ஏறுகிறது, கையால் பேசிப் பார்ப்போம் என்று பேப்பரை எடுத்துவிட்டேன். இடது பக்கமாகவே படுத்திருக்க வேண்டும் என்பதால் அக்காதான் படித்துக் காட்டுவாராம். அக்கா, நடுநடுவே உங்களுக்குச் சம்பந்தமில்லாத வரிகள் வரும். அங்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படிக்கவும்.

நீ இல்லாத வீடு வீடாகவே இல்லை. சமையல் நன்றாகத்தான் செய்கிறேன், பாத்திரங்கள்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன. இரண்டு அடி பிடித்துவிட்டன. ஒன்றைத் தேய்த்துவிட்டேன், இன்னொன்றை நீ கண்டுபிடிக்க முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன். பூனை உன் நாற்காலியை விட்டு இறங்க மறுக்கிறது. உன் வகுப்புப் பிள்ளைகள் காலையில் என் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் 'டீச்சர் எப்ப வருவாங்க?' என்று நச்சரிக்கிறார்கள். 'ரெண்டு பேரா வருவாங்க' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அலமாரி மேலே இருக்கும் மஞ்சள் பெட்டியைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்புகிறேன். இன்னும் கீழே இறக்கவில்லை. ஏணி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

ஒரு செய்தி. பிரஷர் ஏறாத மாதிரி மெதுவாகச் சொல்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக டாக்டர் இல்லாததால்தானே உன்னை ஏழாம் மாதமே அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம்? இப்போது அந்தப் பிரசவ வார்டையே மூடப் போகிறார்களாம். சுகாதாரத் துறை ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, 'பொதுமக்கள் முப்பது நாட்களுக்குள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம்' என்று. எங்கே ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தால் நோட்டீஸ் மறைந்துபோகும், மூடினால் உள்ளே இருட்டு. துடைப்பம் எடுக்கப் போன ஆயாம்மா பார்த்துப் பெரிய சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

பெரிய சிஸ்டர் இன்று என் வண்டியில்தான் வந்தார், எனக்குப் பின்னால் உன் சீட்டில் உட்கார்ந்து. 'கருத்து கேக்குறாங்கல்ல, சொல்லிடுவோம். ஊரே சேர்ந்து சொல்லுவோம்' என்றார். எனக்குக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இடது பக்கமே படு. தண்ணீர் குடி. என்னை நினைத்துக்கொள், ஆனால் அளவாக.

உன்னைத் தவிர வேறு யாருக்கும் கடிதம் எழுதத் தெரியாத,
உன் டிரைவர்.


ஞாயிற்றுக்கிழமை,
வீடு.

என் டீச்சரம்மாவுக்கு, உன் டிரைவர் நிறைய அன்போடு எழுதுவது.

நேற்று நூற்று இருபத்தெட்டு என்று அக்கா போனில் சொன்னார். கேட்டதும் டெப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், பிரஷர் குறைந்ததற்கு என்றேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். என் கூடவே ஒன்பது வருடமாக ஓடுகிறவன், அவனுக்கே என்னைப் புரியவில்லை.

நம் ஊரில் நடந்த கூத்தை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். கடைத்தெருத் தையல்காரம்மாவைத் தெரியுமல்லவா, மூன்று பிள்ளைகளையும் நம் வார்டில் பெற்றவர், வாயைத் திறந்தால் மூடாதவர்? அவர்தான் யோசனை சொன்னார். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி பிரசவ வார்டு வராந்தாவில் எல்லோரும் துண்டு போட வேண்டும் என்றார். யார் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்று துண்டில் ஒரு சீட்டைக் குத்திவிட வேண்டும். வியாழக்கிழமை காலையில் பார்க்கிறேன், வராந்தா முழுக்கத் துண்டு. சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, கிழிந்தது, ஓரம் தைத்தது. அறுபத்து நான்கு! கல்யாணமே ஆகாத ஒரு பெண்கூட ஒன்று போட்டிருந்தாள். 'எப்படியும் வேணும்ல, அப்ப எடம் இல்லன்னா?' என்று கேட்டாள். நியாயம்தானே.

இன்ஸ்பெக்டர் வந்தார். இது போராட்டமா, அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். தையல்காரம்மா எழுந்துகூட நிற்கவில்லை. 'போராட்டம் யாரு சார் பண்றது? எடம் புடிச்சு வச்சிருக்கோம். துண்டு போட்ட எடத்துல இன்னொருத்தர் உக்காரலாமா, நீங்களே சொல்லுங்க' என்றார். அவரும் பஸ்ஸில் போகிறவர்தானே, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் மனைவியின் துண்டும் அங்கே கிடந்ததாகக் கேள்வி. நான் கண்ணால் பார்க்கவில்லை.

நானும் ஒன்று போட்டேன். உன் நீலத் துண்டு. 'டீச்சர்' என்று மட்டும் எழுதிக் குத்தினேன். நீ அங்கே படுத்திருக்கிறாய், இங்கே உனக்கு இடம் எதற்கு என்று கண்டக்டர் கேட்டான். ஆனாலும் போட்டுவிட்டு வந்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அடுத்த வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது. ஏன் மூடுகிறார்கள் என்று அவர்கள் எழுதிய அறிக்கையைப் பெரிய சிஸ்டர் கேட்டு வாங்கிவிட்டார். நூற்றுப் பத்துப் பக்கம். வெள்ளிக்கிழமை டெப்போ வாசலில் நின்று எனக்கு அதைப் படித்துக் காட்டினார். 'ஒரு மணி நேரத்துக்குள் தலைமை மருத்துவமனையை அடைய முடிந்தால் தனிப் பிரசவ வார்டு தேவையில்லை' என்பது விதியாம். நம் ஊரிலிருந்து ஐம்பது நிமிடம்தான் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஐம்பது நிமிடம் எங்கிருந்து வந்தது என்றும் பின்னிணைப்பில் போட்டிருக்கிறார்கள்.

மீதியை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். பூனை கத்துகிறது.

பூனை கத்தவில்லை. எனக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு,
உன் டிரைவர்.


செவ்வாய்க்கிழமை.

அக்காவுக்கு வணக்கம். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். இரண்டாவது உறையை ஒட்டியபடியே அவளிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் பிரஷர் பார்த்த பிறகு கொடுங்கள். நூற்று முப்பதுக்குக் கீழே இருந்தால் மட்டும் கொடுங்கள். பக்கத்தில் வார்டு சிஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.


என் உயிரானவளுக்கு,

டீச்சரம்மா என்று கூப்பிட இன்று வாய் வரவில்லை. விளையாட்டாக எழுதவும் முடியாது.

எங்கள் டிரிப் ஷீட்டை நீ பார்த்திருக்கிறாய். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேனே, அந்த மஞ்சள் தாள். புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம் இரண்டையும் டிரைவர் எழுத வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் என் பதினேழாம் நம்பர் வண்டிக்கு ஐம்பது நிமிடம் என்று இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ வகுத்துவிட்டுப் போனார். அப்போது மார்க்கெட்டும் இல்லை, ரயில்வே கேட்டில் இத்தனை ரயிலும் இல்லை. இப்போது ஒன்றே முக்கால் மணி ஆகிறது, சில நாள் இரண்டு மணி நேரம். ஆனால் உண்மையை எழுதினால் தாமதத்துக்கு மெமோ வரும், விளக்கம் எழுத வேண்டும், மூன்று மெமோ சேர்ந்தால் ஊதிய உயர்வு போகும். அதனால் நாங்கள் எல்லோருமே ஐம்பது நிமிடம் என்றே எழுதுவோம். ஏழு பத்துக்கு எடுத்தேன், எட்டு மணிக்குச் சேர்ந்தேன். சில நாள் ஏழு பத்துக்கே இரண்டையும் எழுதிவிடுவேன். டைம் கீப்பருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை.

அந்த அறிக்கையின் பின்னிணைப்பில் என்ன இருந்தது தெரியுமா? 'வழித்தடம் 17, மூன்று வருடப் பயணப் பதிவேடுகளின்படி சராசரி நேரம் ஐம்பது நிமிடம்.' மாதிரிக்கு ஒரு தாளின் நகலையும் வைத்திருந்தார்கள். அது என் கையெழுத்து.

அந்த வார்டை மூட வைத்த கை இதே கைதான். ஆனால் நான் உன்னிடம் சொல்ல வந்தது இதுவும் இல்லை. இதைச் சொன்னால் அதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நம் பெரியவள் பிறந்த அன்று நடந்தது. டாக்டர் லீவில் இருந்தார். பெரிய சிஸ்டர் நம் ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கே நாள், வழி தெரியாது. உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். 'இங்கேயே பாத்துடலாம்னுதான் தோணுது. ஆனா ஏதாவது சிக்கல்னா டாக்டர் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துக்கு மேலன்னா நான் அனுப்ப மாட்டேன். நீங்கதானே அந்த ரூட்டு டிரைவர்?' என்று கேட்டார்.

நான் 'அம்பது நிமிஷம் சிஸ்டர்' என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை. தினம் எழுதி எழுதி அது என் வாயிலேயே உட்கார்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் கிளம்பி மார்க்கெட்டில் நின்றபோதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டு 'இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்' என்று எத்தனை தரம் சொன்னேன்! கேட் மூடியிருந்தது. கேட்டைத் தாண்டிய பிறகு அவள் பிறந்தாள், ஒரே ஒரு தரம் அழுதாள். நீ கேட்டாய், நானும் கேட்டேன்.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று நான் சொல்லியிருந்தால் பெரிய சிஸ்டர் உன்னை அனுப்பியிருக்க மாட்டார். மூன்று வருடமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. 'விதி' என்று மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். எந்த முகத்தோடு துடைத்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை பெரிய சிஸ்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். நான் அழுதுவிட்டேன், டெப்போ வாசலிலேயே. அவர் சொன்னார்: 'அன்னைக்கு ஆம்புலன்ஸ் திரும்பி வந்த நேரத்தைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். உங்கள நம்பி அனுப்புனது நான்தானே, எனக்கும் தூக்கமில்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வருஷமா உங்க பஸ்லயே ஏறிட்டு இருக்கேன்.'

நாளை மறுநாள் கூட்டத்தில் எழுந்து, அந்த ஐம்பது நிமிடம் பொய், எழுதியவன் நான் என்று சொல்லப் போகிறேன். வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. கண்டக்டர் என் மேல் பாய்ந்தான். 'ஒருத்தன் நல்லவனாகுறதுக்கு டெப்போ முழுக்க மெமோ வாங்கணுமா?' என்று கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அதை வேறு யார் வாயாலோ கேட்கக் கூடாது.

மன்னித்துவிடு என்று எழுதி மூன்று தரம் அடித்துவிட்டேன். கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நீ பத்திரமாக இருந்தால் போதும். என்னைத் திட்ட வேண்டும் போல இருந்தால் மனதுக்குள் வைக்காதே, அக்காவிடம் சொல்லித் திட்டு, பிரஷர் ஏறாது.

நான்.


சனிக்கிழமை காலை,
வீடு.

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

புதன்கிழமையே நீ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாய் என்று அக்கா சொன்னார். படித்து முடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாயாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிரஷர் என்ன என்று கேட்டேன், 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்க வைங்க' என்று போனை வைத்துவிட்டார். அக்கா என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. நியாயம்தான். ஆனாலும் நடந்ததைச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கூட்டம் உன் பள்ளிக்கூட ஹாலில்தான் நடந்தது. பெரியவர்கள் எல்லோரும் இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் தலைவர் ஓர் அம்மா, கண்ணாடி போட்டவர், எல்லாவற்றையும் தானே எழுதிக்கொள்கிறவர். தையல்காரம்மா அரை மணி நேரம் பேசினார். பெரிய சிஸ்டர் ஐந்து நிமிடம் பேசினார். தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். ஒரு பெண் பேச எழுந்து, பிள்ளையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் கடைசியில், 'எல்லாம் சரி, பதிவேட்டில் ஐம்பது நிமிடம் என்றுதானே இருக்கிறது?' என்றார்.

நான் எழுந்தேன். 'அந்தக் கையெழுத்து என்னோடதும்மா. அது பொய். மெமோவுக்குப் பயந்து பதினோரு வருஷமா பொய்தான் எழுதிட்டு இருக்கேன்' என்றேன். எங்கள் மேனேஜர் பின்னால் உட்கார்ந்திருந்தார், அவர் இருமினார். நம் பெரியவளைப் பற்றியும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஊருக்கே தெரியும்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, 'சரி, ஆம்புலன்ஸ் இன்னும் வேகமாகப் போகுமே?' என்று கேட்டார். 'மூடின கேட்டுக்கு முன்னால ஆம்புலன்ஸும் ஒண்ணுதான், என் வண்டியும் ஒண்ணுதான்மா. நாளைக்குக் காலைல ஏழு பத்து வண்டியில நீங்களே வந்து பாருங்க' என்றேன். அப்போது பின்னாலிருந்து, 'பதினேழாம் நம்பர் கண்டக்டர் நான்தாங்க. அவரு சொல்றது உண்மை. நானும் கூட இருந்தவன்தான்' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் நம் ஆள், யூனிஃபார்ம் பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் அந்த மேல் பட்டனைப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அந்த அம்மா வந்தேவிட்டார், டீச்சரம்மா! ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார், டிக்கெட் வாங்கிக்கொண்டு உன் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பரிசோதனைக்குப் போகிறவள். மார்க்கெட்டில் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். ரயில்வே கேட்டில் பத்தொன்பது நிமிடம். அந்தப் பெண்ணுக்கு வாந்தி வந்துவிட்டது. அந்த அம்மா பையைப் பிடித்துக்கொண்டார், முதுகைத் தடவிவிட்டார். கேட் திறந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், 'இங்கேயா?' என்று மட்டும் கேட்டார். 'இதைத் தாண்டி, அந்தப் புளியமரத்துக்கிட்ட' என்றேன். அந்த மரத்தைத் தாண்டும்போது நான் ஹாரன் அடிக்கவில்லை, எப்போதுமே அடிப்பதில்லை.

எட்டு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தோம். டிரிப் ஷீட்டில் எட்டு ஐம்பத்தாறு என்று எழுதினேன். கை பழக்கத்தில் எட்டு என்று எழுதி நிறுத்தப் பார்த்தது, விடவில்லை. அந்த அம்மா கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று மாலையே தாள் வந்துவிட்டது. வார்டை மூடுவதை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பயண நேரத்தை நேரில் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் டாக்டர் வருவார். எழுத்தில் கருத்துச் சொல்ல இன்னும் பத்து நாள் நேரம் கொடுத்திருக்கிறார்கள். முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. தையல்காரம்மா துண்டை எடுக்க விடமாட்டேன் என்கிறார். 'ஆறு மாசம்னா ஆறு மாசத்துக்குத் துண்டு அங்கயே கிடக்கட்டும்' என்கிறார். மழைக்கு மட்டும் உள்ளே எடுத்து வைக்கிறார்கள்.

எனக்கும் ஒரு தாள் வந்தது. பதிவேட்டில் பொய் எழுதியதற்குப் பதினைந்து நாள் வேலையிலிருந்து நிறுத்தம். மேனேஜர் அதை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பொய்த் தாள்களில் தினமும் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. ஆனால் நேற்றிலிருந்து எல்லா டிரைவரும் உண்மை நேரம் எழுதுகிறார்களாம். டைம் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகக் கண்டக்டர் சொல்லிச் சிரிக்கிறான்.

ஆக, பதினைந்து நாள் எனக்கு வேலை இல்லை. மஞ்சள் பெட்டியை இறக்கிவிட்டேன். ஏணி வீட்டிலேயேதான் இருந்தது. திறந்தும் பார்த்தேன். நீ தைத்த ஒவ்வொரு குட்டிச் சட்டையையும் வெளியே எடுத்து வெயில் காட்டி மடித்து வைத்திருக்கிறேன். ரொம்ப நேரம் ஆனது.

நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வாசல்வரை வந்து பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நீ எதைச் சொன்னாலும் சரி. ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருக்காதே.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் டிரைவர்.


திங்கட்கிழமை,
எட்டாம் கட்டில்.

என் டிரைவர் சாருக்கு,

உட்கார்ந்து எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். என் வகுப்பில் இப்படி எழுதினால் நானே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நானும் டிரிப் ஷீட் எழுதுகிறவள் ஆகிவிடுவேன். மூன்று நாள் உங்களிடம் மனதுக்குள்ளேயே சண்டை போட்டேன். ஐம்பது நிமிடம் என்று சொன்னதற்குக்கூட இல்லை. மூன்று வருடம் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்ததற்கு. ஆச்சரியம், பிரஷர் ஏறவே இல்லை. புதன்கிழமை படிப்பதற்கு முன்னால் நூற்று இருபத்தெட்டு, படித்து அழுது முடித்த பிறகு நூற்று இருபத்தாறு. வார்டு சிஸ்டர் இரண்டு தரம் அளந்து பார்த்தார்.

ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். நம் பெரியவள் பிறந்த அன்று காலையில் எனக்கு ஏழு மணிக்கே வலி வந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை. விடைத்தாள் கட்டு பாதியில் கிடந்தது, திருத்தி முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டரை மணிக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை மூன்று வருடமாக நான் மட்டும் சுமந்துகொண்டிருந்தேன். நீங்கள் என் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம், உண்மை தெரிந்தால் இவர் துடைப்பாரா என்று நினைப்பேன். பாருங்கள், ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி முட்டாளாக இருந்திருக்கிறோம்.

இத்துடன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெரிய சிஸ்டரிடம் கொடுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வார்டில் படுத்திருக்கும் பதினேழு பேரிடமும் அவரவர் வீட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆனது, வழியில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அக்கா கட்டில் கட்டிலாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் உண்மையான நேரத்தையே சொன்னார்கள். யாரும் டிரைவர் இல்லை. கடைசிப் பக்கத்தில் பதினெட்டாவதாக என்னுடையதும் இருக்கிறது, இந்தத் தடவை வந்ததும், அந்தத் தடவை வந்ததும்.

என் நீலத் துண்டை எடுக்க வேண்டாம். அது எனக்கில்லாவிட்டாலும் வேறு யாருக்காவது ஆகும்.

பெட்டியைக் கொண்டு வாருங்கள். மஞ்சள் சட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அது பெரியவளுடையது. மற்றதெல்லாம் இந்த ஆளுக்கு. நேற்றிலிருந்து ஓயாமல் உதைக்கிறது, உங்கள் கடிதத்தை அக்கா படித்தால் மட்டும் நிற்கிறது. எந்த வரியில் நிற்கிறது என்று அக்கா சொல்ல மாட்டேன் என்கிறார்.

வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புகிற பேச்செல்லாம் வேண்டாம். உள்ளே வாருங்கள். இந்தத் தடவை எனக்கு வலி வந்த உடனே சொல்லிவிடுவேன், சொல்வதற்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் கிளம்புங்கள். எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். வந்து சேருங்கள், போதும்.

உங்கள்
டீச்சர்.